ஒரு மாதக் கெடுவும் துக்க வீடும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் ஏ-32 வீதியில் அமைந்துள்ள வெள்ளாங்குளம், 2008 ஆகஸ்ட் மாதத்தில் இராணுவத்தினால் கைப்பற்றப்பட்டபோது நாடறிந்த ஊரானது. 2014 நவம்பரில் அவ்வூரின் பெயர் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு மீண்டும் வந்தது. புனர்வாழ்வு பெற்று ஊர் திரும்பி, குடும்பமாக வாழத் தொடங்கியிருந்த முன்னாள் போராளி ஒருவர் அம்மாதம் 12 ஆம் திகதி இரவு அங்கு சுட்டுக்கொல்லப்பட்டார். யுத்தம் ஓய்ந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பின்னர், அமைதி நிலவுவதாகச் சொல்லப்பட்ட காலத்தில் நிகழ்ந்த கொலை அது.

இதே கரையோரத்தில் இன்னொரு நினைவும் உண்டு. இலுப்பைக்கடவைக்கு அண்மையிலுள்ள படகுத்துறைக் கடற்றொழிலாளர் குடியிருப்பின் மீது 2007 ஜனவரி 2 ஆம் திகதி விமானங்கள் குண்டு வீசின. அங்கு இருந்தது கடற்புலிகளின் தளம் என்றது அரசு. மாண்டவர்கள் குழந்தைகள் உள்ளிட்ட பொதுமக்களே என்றார் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை.

இவ்விரு சம்பவங்களின் விசாரணை எவ்வாறு சென்றது என்பதை ஆராய்வது இங்கு எமது நோக்கமன்று. இத்தகைய மரணமொன்று நிகழும்போது, அல்லது வைத்தியசாலைக் கட்டிலிலோ வீதியிலோ வேலைத் தலத்திலோ பிறரது கவனயீனத்தால் ஓர் உயிர் போகும்போது, எஞ்சியிருக்கும் குடும்பத்துக்கு இந்நாட்டின் சட்டம் எதனைத் தருகின்றது என்பதே எமது கேள்வி. "சட்டத்தில் ஒன்றுமில்லை, போன உயிர் போனதுதான்" என்று தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவும் கைவிட்டு விடுகின்றன. ஆனால் சட்டத்தில் ஏதுமில்லை என்பது உண்மையல்ல. இருப்பவை துக்க வீட்டின் நாட்காட்டியோடு ஒத்துப்போகாத கெடுக்களுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன என்பதே உண்மை.

முதற் கெடு ஒரு நாள். சந்தேகத்துக்கிடமான எந்த மரணத்திலும் திடீர் மரண விசாரணை அதிகாரி விசாரணை நடத்த வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் ஏற்பாடு. பொலிஸ் காவலில் அல்லது சிறையில் நிகழ்ந்த மரணமாயின் விசாரணையை நீதவானே நடத்த வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை அறிக்கையும், அன்று உறவினர் சொல்லிக் கையொப்பமிடும் வாக்குமூலமுமே பின்னர் எந்த நீதிமன்றத்துக்குச் சென்றாலும் அத்திவாரமாக அமைபவை. அந்த வாக்குமூலத்தில் "எமக்கு எவர் மீதும் சந்தேகமில்லை" என்ற ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால், அதனை அழிக்கப் பின்னர் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும். தமிழ் மொழியில் எழுதப்படாத வாக்குமூலத்தில் கையொப்பமிட மறுக்கும் உரிமை உறவினருக்கு உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

இங்குதான் முஸ்லிம் குடும்பங்களின் இக்கட்டு தனித்துத் தெரிகின்றது. ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வது மார்க்கக் கடமை. உடலை அறுக்காமல் தந்துவிடுங்கள் என்று மன்றாடுவதும் இயல்பே. அத்தோடு, 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் ஜனாஸாக்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்ட கொடுமையை இச்சமூகம் மறக்கவில்லை. அதற்கு எதிரான அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்கவே உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் மறுத்தது. அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது 2024 ஜூலையிலேயே. இந்த அனுபவத்தின் பின்னர் வைத்தியசாலைப் பிணவறையின் மீது நம்பிக்கை வை என்று எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும், கொலையோ கவனயீனமோ என ஐயம் எழுந்த மரணத்தில் பரிசோதனையைத் தவிர்ப்பது, குற்றவாளிக்குக் குடும்பமே செய்யும் பேருதவியாகி விடுகின்றது. பரிசோதனை வேண்டாம் என்று கோருவதற்குப் பதிலாக, இரவிலேனும் விரைந்து நடத்துங்கள் என்று கோருவதே பொருத்தமானது. பள்ளிவாசல் நிருவாக சபைகள் இவ்விடயத்தில் மாவட்டச் சட்ட வைத்திய அதிகாரியோடு முன்கூட்டியே பேசி ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

முதல் நாட்களில் செய்யப்படுவது எத்துணை பயன் தரும் என்பதற்கு அண்மைய சான்றொன்று உண்டு. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரினால் கைது செய்யப்பட்ட இளைஞர் ஒருவர் உயிரிழந்தபோது, தான் தாக்கப்பட்ட விதத்தை அவர் இறக்குமுன் கூறிய காணொளி வெளிவந்தது. வைத்திய சாட்சியம் அதற்கு இசைவாக அமைந்தது. யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றில் நடந்த மரண விசாரணையில் சட்டத்தரணிகள் பலர் குடும்பத்துக்காகத் தோன்றினர். அது மனிதக் கொலையே என நீதவான் தீர்மானித்தார், பொலிஸார் கைதாகினர். இத்தனையும் இறந்த ஒரு வார காலத்துக்குள் நிகழ்ந்தவை. கணவனின் கொலைக்கு நியாயம் கேட்கச் சென்ற கண்ணகியும் கையில் சான்றோடு, காலம் தாழ்த்தாமலே அரசவைக்குச் சென்றாள் என்பதை எம்மவருக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இரண்டாவது கெடு ஒரு மாதம். மரணத்துக்கு அரசின் கரம் காரணமெனில், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்யலாம். இறந்தவர் மனுச் செய்ய முடியாதே, அவரோடு அவரது உரிமையும் செத்துவிட்டதல்லவா என்று அரச தரப்பு ஒரு காலத்தில் வாதாடியது. பயாகல பொலிஸாரின் காவலில் சித்திரவதைக்குள்ளாகிப் பின் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், 2003 இல் இறுதித் தீர்ப்பு வந்தபோது அந்த வாதம் எடுபடவில்லை. அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை நேரடியாக எழுதப்படாவிட்டாலும், நீதிமன்றக் கட்டளையின்றி எவரும் மரண தண்டனைக்கு உட்படுத்தப்படலாகாது என்ற 13(4) ஆம் உறுப்புரைக்குள் அவ்வுரிமை அடங்கியுள்ளது என்றும், மனைவியும் பிள்ளையும் இறந்தவரின் இடத்தில் நின்று நிவாரணம் கோரலாம் என்றும் நீதிமன்றம் கொண்டது. இந்நாட்டின் விதவைகளுக்கு மிகப் பெரிய வழியைத் திறந்த தீர்ப்பு அது. தமிழ்ப் பகுதிகளில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது எமது எண்ணம்.

செய்தவர் மாத்திரமன்றி, தடுக்கத் தவறியவரும் பொறுப்பாளியே என்பதை 2023 ஜனவரி 12 ஆம் திகதி வெளியான உயிர்த்த ஞாயிறுத் தீர்ப்பு நிலைநாட்டியது. 2019 ஏப்ரல் 21 தாக்குதல் குறித்து முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்தும் செயற்படாதமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா செலுத்த வேண்டும் எனப் பணிக்கப்பட்டார். முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுப் பிரிவின் முன்னாள் பணிப்பாளர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி ரூபாவும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும் செலுத்துமாறு கட்டளையிடப்பட்டனர். பிள்ளைகளை இழந்த பெற்றோரும் மனுதாரர்களாக இருந்த வழக்கு அது.

ஆனால் அந்த ஒரு மாதம் என்பதுதான் என்ன? சைவக் குடும்பமொன்று 31 ஆம் நாள் அந்தியேட்டி முடித்து நிமிரும்போது அது கடந்துபோயிருக்கும். கத்தோலிக்கக் குடும்பத்தின் 31 ஆம் நாள் நினைவுத் திருப்பலியும் அவ்வாறே. கணவனை இழந்த முஸ்லிம் பெண்ணின் இத்தாக் காலமோ நான்கு மாதமும் பத்து நாளும். இத்தாவிலிருக்கும் பெண் கொழும்பு சென்று சட்டத்தரணியைக் காண்பது எங்ஙனம்? துக்கம் காக்கும் எந்த மரபையும் கருத்திற் கொள்ளாமல் விதிக்கப்பட்ட கெடு இது. 2007 இல் படகுத்துறையில் பிணங்களைப் புதைத்தவர்கள், போர் முனையைக் கடந்து ஒரு மாதத்துக்குள் கொழும்பு நீதிமன்றப் படியேறியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எள்ளலன்றி வேறென்ன?

இந்தக் கெடுவைத் தளர்த்தும் வழியொன்று சட்டத்திலேயே உண்டு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யப்பட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டைப் பாதிக்கப்பட்டவரின் சார்பில் வேறொருவரும் செய்யலாம். ஆகவே விதவை வீட்டை விட்டு வெளிவரத் தேவையில்லை. சகோதரனோ, பங்குத் தந்தையோ, பள்ளிவாசல் செயலாளரோ, மீனவர் சங்கத் தலைவரோ சென்றாற் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு இருந்துவிடலாகாது. ஆணைக்குழு உண்மையில் விசாரணை நடத்திக்கொண்டிருந்தது என்பதற்கு எழுத்திலான சான்றை உயர் நீதிமன்றம் கேட்கும். முறைப்பாட்டு இலக்கத்தையும் வரும் கடிதங்கள் யாவற்றையும் பேண வேண்டும்.

மூன்றாவது கெடு இரண்டு ஆண்டுகள். மரணத்துக்குக் காரணர் தனியாரெனினும் அரசெனினும், மாவட்ட நீதிமன்றில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு இதற்கு இரண்டு ஆண்டுகளையே தருகின்றது. குடும்பங்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். "பொலிஸ் வழக்கு நடக்கிறது, முடியட்டும் பார்ப்போம்" என்று காத்திருக்கின்றார்கள். குற்றவியல் வழக்கு எப்போது முடியும்? திருகோணமலைக் கடற்கரையில் 2006 ஜனவரி 2 ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 13 சந்தேகநபர்களும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்த பின் கையில் எஞ்சியது ஒன்றுமில்லை. நட்டஈட்டு வழக்குக்குக் குற்றவியல் தீர்ப்புத் தேவையே இல்லை. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும், குடியியல் வழக்கிலோ எது நிகழ்ந்திருக்கக்கூடியது என்ற பக்கம் தராசு சாய்ந்தாற் போதும். இரண்டும் ஒரே வேளையில் நடக்கலாம்.

அரசுக்கு எதிராயின் இன்னொரு சிக்கல். 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தினால் அரசும் தன் ஊழியரின் தவறுக்குப் பொறுப்பேற்கும். ஆனால் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461 ஆம் பிரிவின்படி, சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் கழிந்த பின்னரே வழக்கைத் தாக்கல் செய்யலாம். இரண்டாம் ஆண்டின் கடைசி வாரத்தில் சட்டத்தரணியைத் தேடிச் செல்பவருக்கு இது பேரிடி. 2024 ஜூலையில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பிரசவத்தின் பின் இளம் தாயொருவர் உயிரிழந்தமை மாவட்டத்தையே உலுக்கியது. மக்கள் வீதிக்கு இறங்கினர், திணைக்கள விசாரணைகள் நடந்தன. அத்தகைய மரணமொன்றுக்கான குடியியற் கெடு, ஆர்ப்பாட்டங்களும் விசாரணைக் குழுக்களும் எந்நிலையில் இருப்பினும், 2026 ஜூலையோடு முடியும். உள்ளக விசாரணை அறிக்கைக்காகக் காத்திருப்பதால் அது ஒரு நாளேனும் நீளாது.

மருத்துவக் கவனயீனத்தில் சட்டம் கடந்து வந்த பாதையை அறிந்திருப்பது நன்று. பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கில், 1992 இல் மாண்ட சிறுமியின் தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாவை வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பெருமளவு குறைத்தது. 2001 இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளுபடி செய்தது. நோயை உரிய வேளையில் கண்டறியாமையால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். அத்துடன், உரோமன் டச்சுச் சட்டத்தின்படி பண இழப்புக்கே நட்டஈடு உண்டு, பிள்ளையை இழந்த துயருக்கு இல்லை என்றும் சொன்னது. உழைக்கும் மகன் இறந்தால் கணக்குண்டு, நான்கு வயது மகள் இறந்தால் கணக்கில்லை என்பதே அதன் பொருள். இந்த அநீதியை நீக்கவே ஆளொருவரின் மரணத்துக்கான நட்டஈடு அறவிடுதல் தொடர்பான 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அன்பையும் அரவணைப்பையும் துணையையும் இழந்தமைக்காகவும் நெருங்கிய குடும்பத்தினர் இன்று நட்டஈடு கோரலாம். ஆண்டுகள் கடந்தும் இச்சட்டத்தின் பெயரைத்தானும் எம்மக்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பர்?

வழக்குத் தொடர எண்ணுவோரை வாட்டும் ஐயமொன்று உண்டு. "பிள்ளையின் இரத்தத்துக்கு விலை வாங்குவதா?" என்கின்றார்கள். இந்தத் தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். எனினும் தவறுதலான கொலைக்கு இரத்த ஈடு வழங்குவதை இஸ்லாமிய ஷரீஆவே விதித்துள்ளது. வாங்குபவரை அது இழிவாகக் கருதவில்லை. உண்மையில் வெட்கத்துக்குரியது வேறொன்று. வீதி விபத்து நடந்த மறுநாள் வாகன உரிமையாளரின் ஆட்கள் மரணச் செலவுக்கென ஒரு தொகையைக் கொடுத்து, வெற்றுத் தாளிலோ "இனிக் கோரிக்கை இல்லை" என்ற கடிதத்திலோ கையொப்பம் வாங்கும் வழக்கமே அது. பணம் பெற்றால் பற்றுச்சீட்டு எழுதலாம், வேறெதற்கும் துக்க வீட்டில் கையொப்பமிடல் ஆகாது. கொலை வழக்கைக் குடும்பம் பணம் பெற்று முடிக்கவும் இந்நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. அது அரசின் வழக்கு.

தங்கியிருந்தோர் கோரும் நட்டஈடு அவர்களது சொந்த உரிமை, இறந்தவரின் முதுசமன்று. ஆதலால் தேசவழமையோ முஸ்லிம் வாரிசுரிமைப் பங்கீடோ அதற்குப் பொருந்தாது. காதி நீதிமன்றத்துக்கும் அதில் வேலையில்லை. ஆனால் தங்கியிருந்தமையை நிரூபிக்க வேண்டும். யுத்த காலத்தில் வன்னியில் நடந்த திருமணங்கள் பலவற்றுக்குப் பதிவில்லை. 1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலிருந்து மீண்ட முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றின் பதிவுகள் இன்றும் இரு மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. கடலுக்குப் போனவரின் மாத வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு எங்கே? மீன் விற்ற சிட்டையும் கூட்டுறவுச் சங்கப் பதிவேடுமே அவருக்குச் சம்பளச் சீட்டு. கூலி வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னொரு வழி. அதன் உச்ச வரம்பு 2022 திருத்தத்தால் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. ஆனால் பங்கு முறையில் படகேறுபவர் "தொழிலாளி"தானா என்ற கேள்வி அவரது விதவையை வழிமறிக்கும். கடற்றொழில் அமைச்சு இதற்கு விடை காண வேண்டும்.

கடலில் நிகழும் மரணங்கள் இன்னும் சிக்கலானவை. 2012 பெப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் இரு மீனவர் மாண்டனர், ஒருவர் குமரி மாவட்டத் தமிழர். சர்வதேச நடுவர் மன்றம்வரை சென்ற அப்பிணக்கு, 10 கோடி இந்திய ரூபா நட்டஈட்டோடு 2021 ஜூனில் முடிந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. அதே 2021 ஜனவரியில் நெடுந்தீவுக் கடலில் இலங்கைக் கடற்படைப் படகோடு மோதிய இழுவைப் படகில் நால்வர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழ் அகதி. இத்தாலியோடு இந்தியா நடத்திய வழக்கு இந்த நால்வருக்காக நடத்தப்படவில்லை. அகதியானவருக்காக வாதாட எந்த நாடு முன்வரும்?

மரணமா அல்லவா என்பதே தெரியாத குடும்பங்களுக்கு இக்கெடுக்கள் எவையும் பொருந்தா. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக இன்மைச் சான்றிதழ் பெற வழி செய்தது. ஆட்கொணர்வு மனுவுக்கு ஒரு மாதக் கெடு இல்லை, அது கொழும்புக்கு மட்டும் உரியதுமல்ல. அனந்தி சசிதரன் தம் கணவருக்காகத் தொடுத்த மனுவில், வவுனியா மேல் நீதிமன்றம் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளின் பின் 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு எதிராகக் கட்டளையிட்டது.

இத்தீர்ப்பு எமக்கு ஒன்றைச் சொல்கின்றது. ஆட்கொணர்வு மனுவை வவுனியாவில் விசாரிக்க முடியுமெனில், அடிப்படை உரிமை மனுவை மாத்திரம் ஏன் கொழும்பிலேயே விசாரிக்க வேண்டும்? மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அந்த அதிகாரத்தை முதல் நிலையில் வழங்கி, மேன்முறையீட்டை உயர் நீதிமன்றுக்கு விட்டுவிடலாம். உயிரிழப்பு சம்பந்தப்பட்ட மனுக்களுக்கேனும் ஒரு மாதக் கெடுவை ஆறு மாதமாக்க வேண்டும். இரண்டுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவை. புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேசும் கட்சிகள், தமிழ்க் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் உட்பட, அதிகாரப் பகிர்வுக்கு அடுத்த பக்கத்திலாவது இதனை எழுதட்டும்.

அதுவரை செய்யத்தக்கது சிறிது. வருமானம் குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு கட்டணமின்றி வழக்காடும். இது 1978 முதல் உள்ள ஏற்பாடு. ஒவ்வொரு ஆலய பரிபாலன சபையும் பங்குச் சபையும் பள்ளிவாசல் நிருவாகமும், அடக்கத்துக்கும் அன்னதானத்துக்கும் ஆட்களை நியமிப்பதுபோல, வாக்குமூலத்தைப் படித்துப் பார்க்கவும், மரண விசாரணைப் பதிவின் பிரதியைப் பெறவும், முப்பது நாள் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதவும் ஒருவரை நியமிக்கலாம். அவர் சட்டம் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. திகதிகளைக் குறித்து வைக்கத் தெரிந்தவராக இருந்தாற் போதும்.